எட்டாவது கோலுக்குப் பிறகு

62ஆவது நிமிடத்தில் எட்டாவது கோலும் விழுந்துவிட்டது. 2022 அக்டோபர் 11, புவனேஸ்வர் கலிங்கா மைதானம். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம்; எதிரணி அமெரிக்கா. எந்த வயதுப் பிரிவிலும் நம் பெண்கள் ஒரு கால்பந்து உலகக் கோப்பைக்குள் காலடி வைத்தது அன்றைக்குத்தான். எட்டாவது கோலை அடித்த மியா பூட்டா, தகப்பன் வழியில் இந்தியக் குடும்பத்துப் பெண். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படிக்கட்டுகளில் வெளியே போகிறவர்கள் வரிசை கட்டினார்கள். "மிஸ், பதினஞ்சு ஆயிடுமோ?" என்று பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவில்லை. மீதி அரை மணி நேரத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. ஊர் திரும்பியதும் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த எட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். யாருமே கேட்காத அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கத்து அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கையைப் பிடித்தவள் என்னிடம் படித்தவள். ஆறாம் வகுப்பில் கோ-கோ ஆட வந்தவளை நான்தான் பந்துக்கு இழுத்தேன். மாநில அளவு வரை ஆடினாள். இப்போது அவளும் வேறொரு பள்ளியில் பி.டி. டீச்சர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு என்னோடு கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினாள். "டி.வி.ல பாத்தா கேமரா பந்து பின்னாடியே போகும் மிஸ். பந்து இல்லாத எடத்துல அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னு பாக்கணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவளோடு போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

இந்தப் போட்டி நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. முதலில் 2020 நவம்பரில் நடக்க வேண்டியது. கொரோனாவால் 2021க்குத் தள்ளினார்கள். பிறகு அதையும் ரத்து செய்துவிட்டு 2022 போட்டியை இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். செய்தியாகப் படிக்கும்போது தேதி மாற்றம் போலத்தான் இருக்கும். ஆனால் 2020க்காக முகாமில் கிடந்து தயாரானவர்களில் 2003, 2004இல் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2022இல் ஆட வேண்டுமென்றால் 2005 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே வயது கடந்து போனார்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மைதானத்தில் நினைத்துக்கொண்டேன்.

2022இலும் நிம்மதியாக எதுவும் நடக்கவில்லை. கால்பந்துச் சம்மேளனத்தில் தேர்தல் நடத்தாமல் காலம் கடத்தியதால் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவை நியமித்தது. அதை வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா இந்தியாவையே தடை செய்தது. ஆகஸ்ட் 26இல்தான் தடை நீங்கியது. உலகக் கோப்பைக்கு ஏழு வாரம்கூட இல்லை. அதற்கு முன்பு, அணி ஐரோப்பாவில் பயிற்சி ஆட்டங்கள் ஆடப் போயிருந்தபோது உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் முறைகேட்டுப் புகாரில் நீக்கப்பட்டார். பெண்பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போய் ராத்தங்க வைத்துப் பழகியவள் நான். பெற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று "பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லி அனுப்புகிற முகம் எனக்குத் தெரியும். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனையையும் தாண்டித்தான் அந்தப் பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

ஆட்டம் ஆரம்பித்து ஒன்பதாவது நிமிடத்தில் முதல் கோல். இடைவேளைக்குள் ஐந்து. நான் கோல் விழுந்த விதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அமெரிக்கப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நடுக்களத்தில் ஆடிய ஒரு பெண், பந்து இருபது கஜம் தள்ளி இருக்கும்போதே இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலத்தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிடுகிறாள். பந்து காலுக்கு வரும்போது பின்னால் யார் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் காலி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் தொடுதலிலேயே பந்து காலியிடத்துக்குப் போய்விடுகிறது. நம் பிள்ளை பந்தை நிறுத்துகிறாள், தலையை நிமிர்த்துகிறாள், அப்புறம்தான் பார்க்கிறாள். அதற்குள் இரண்டு பேர் மேலே வந்து விழுகிறார்கள். ஓட்டத்தில் நம் பிள்ளைகள் சளைக்கவில்லை. விழுந்து எழுவதிலும் பயமில்லை. குறைந்தது அந்த ஒரு நொடிதான்.

அந்தத் தோள் பார்வையைக் கோன் வைத்து ஓடவிட்டுக் கற்றுத்தர முடியாது. நான் முயன்றவள், அதனால் சொல்கிறேன். "திரும்பிப் பாரு, திரும்பிப் பாரு" என்று கரையிலிருந்து கத்தினால் கழுத்து திரும்பும், கண் எதையும் பார்க்காது. பின்னாலிருந்து யாரோ வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய், அது பத்துத் தடவை, நூறு தடவை நடந்த பிறகு தானாக வருகிற பழக்கம் அது. அதற்கு மேட்ச் வேண்டும். நிறைய மேட்ச், வாரா வாரம் மேட்ச். அமெரிக்காவில் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் கூடாது என்ற சட்டம் 1972இல் வந்தது; 'டைட்டில் நைன்' என்பார்கள். பள்ளியும் கல்லூரியும் பையன்களைப் போலவே பெண்களுக்கும் விளையாட வாய்ப்புத் தர வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கலிங்காவில் இறங்கியவர்கள் அந்த ஐம்பது வருடத்தின் பிள்ளைகள். ஆறேழு வயதிலிருந்து கிளப், லீக், பள்ளி என்று ஆடி வந்தவர்கள்.

நம்மூரில் எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பள்ளி திறந்து ஒன்றிரண்டு மாதத்தில் குறுவட்டப் போட்டி வரும். எல்லாம் நாக் அவுட். காலையில் ஒரு மேட்ச், ஜெயித்தால் மதிய வெயிலில் இன்னொன்று. ஒரே நாளில் எல்லா டீமையும் முடிக்க வேண்டும் என்பதால் ஆட்ட நேரத்தையும் வெட்டிவிடுவார்கள். தோற்றால் பிப்ஸை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். அடுத்த மேட்ச் அடுத்த வருடம். முதல் ரவுண்டிலேயே வெளியே போகிற பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கோல் கீப்பராக நிற்கிற ஒரு பெண், மூன்று வருடத்தில் மொத்தம் மூன்று மேட்ச் ஆடியிருப்பாள். பதினொன்றாம் வகுப்பு வந்ததும் "இன்னும் என்ன விளையாட்டு" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நன்றாக ஆடுகிற டீமுக்கு மேட்ச் கூடிக்கொண்டே போகும், மோசமாக ஆடுகிற டீமுக்குத்தான் மேட்ச் அதிகம் வேண்டும், அதற்குக் கிடைக்காது. இந்த ஏற்பாட்டில் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இதைப் போல ஓர் அநியாயம் விளையாட்டில் வேறில்லை.

இந்திய அணியைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் முகாமில் வைத்துச் சோறு போட்டார்கள், சுவீடன் நாட்டுத் தாமஸ் டென்னர்பியைப் பயிற்சியாளராகப் போட்டார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை ஆட வேண்டிய மேட்சை முகாமில் வைத்து எப்படி ஆட வைப்பது?

அணியில் ஜார்க்கண்ட் பெண்களும் மணிப்பூர்ப் பெண்களும்தான் பெரும்பாலோர். கேப்டன் அஷ்டம் ஓரான், ஜார்க்கண்ட் கும்லா மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள். கேப்டனாக அவள் பெயர் வந்த பிறகுதான் அவள் வீட்டுக்குச் சாலை போட அரசு முன்வந்தது. மகள் பெயரால் வந்த அந்தச் சாலை வேலையில் அவளுடைய பெற்றோரே தினக்கூலிக்கு வேலை செய்தார்கள் என்று நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின. ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் வீட்டுக்கு டி.வி. பெட்டியும் வந்தது. 

அந்தக் கடைசி அரை மணிக்கு வருகிறேன். அமெரிக்கா ஆட்களை மாற்றிவிட்டது, வேகத்தையும் கொஞ்சம் குறைத்தது, உண்மைதான். ஆனாலும் நம் தடுப்பு வரிசை பார்க்கும்படி மாறியிருந்தது. முதல் பாதியில் நான்கு பேரும் நான்கு திசையில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எட்டுக்குப் பிறகு ஒருத்தி முன்னேறினால் பக்கத்தில் இருப்பவள் பின்வாங்கி அந்த இடத்தை மூடினாள். கேப்டன் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி யாரையோ இழுத்து யாரையோ தள்ளி நிறுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை வலது ஓரத்தில் பந்து வரும்போது நம் பிள்ளை ஒருத்தி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே தொடுதலில் உள்ளே கொடுத்தாள். பாஸ் சரியாகப் போகவில்லை. "பாத்துட்டா மிஸ், திரும்பிப் பாத்துட்டா!" என்று என் மாணவி எழுந்து நின்று கத்தினாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். நான் எதுவும் சொல்லாமல் கை தட்டினேன்.

மூன்று நாள் கழித்து மொராக்கோ. நடுவில் ஒரு நாள் கட்டாக் போய் தஹிபரா ஆலுதம் சாப்பிட்டோம். நம்மூர்த் தயிர்வடையின் மேலேயே காரமான உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள், எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கு மேல் ஊர் சுற்ற மனமில்லை. மொராக்கோவுக்கும் அதுதான் முதல் உலகக் கோப்பை என்பதால் அந்த ஆட்டத்தைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். இடைவேளை வரை 0-0. எட்டு வாங்கிய அதே பிள்ளைகள் நாற்பத்தைந்து நிமிடம் வலையைத் தொடவிடவில்லை. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெனால்ட்டி, அதிலிருந்து ஆட்டம் கைநழுவி 0-3 ஆனது. மொராக்கோ 2020இல் பெண்கள் லீக்கை இரண்டு பிரிவாகத் தொழில்முறை ஆட்டமாக்கியிருந்தது. 2022 ஜூலையில் ஆப்பிரிக்கப் பெண்கள் கோப்பையைத் தன் நாட்டில் நடத்தி, இறுதி ஆட்டம்வரை போனது. அந்த நாட்டுச் சிறுமிகள் உலகக் கோப்பைக்கு நம்மைப் போலவே புதுசு, லீக்குக்குப் புதுசு இல்லை.

கடைசி ஆட்டம் 17ஆம் தேதி, பிரேசிலோடு. 0-5. அந்த இரவு எனக்கு வந்த கோபம் பிரேசில் மேலும் இல்லை, நம் பிள்ளைகள் மேலும் இல்லை. பிரேசிலில் 1941இல் போட்ட ஓர் ஆணை, பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகள் என்று சொல்லிப் பெண்கள் கால்பந்து ஆடுவதையே தடுத்தது. 1979இல்தான் அந்தத் தடை போயிற்று. அதற்கு அடுத்த வருடத் தொடக்கத்தில், 1980இல், கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஒன்று இறுதி ஆட்டம்வரை போய் தைவானிடம் தோற்று இரண்டாவது இடம் பிடித்தது. 1983இலும் இந்தியாவுக்கு இரண்டாவது இடம். அதே வருடம் வங்காளத்தின் சாந்தி முல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். பெண் கால்பந்து வீரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்.

அப்போது நான் கல்லூரி மாணவி. கோழிக்கோட்டுச் செய்தியைப் பேப்பரில் வெட்டி டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். எங்கள் டீமுக்குப் பூட்ஸ் கிடையாது, கான்வாஸ் ஷூதான். அரை டிரவுசரின் மேல் பாவாடை கட்டிக்கொண்டு மைதானம் வரை நடந்து போவோம். கோட்டுக்கு வெளியே பாவாடைகளை அவிழ்த்து ஒரு குவியலாகப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவோம். ஆட்டம் முடிந்ததும் யாருடையது எது என்று அந்தக் குவியலில் தேடுவதே ஒரு கூத்து. ஆசியாவில் இரண்டாவது என்றால் நாளைக்கு உலகம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிரேசிலில் எங்கள் வயதுப் பெண்கள் அப்போதுதான் சட்டத்துக்குப் பயப்படாமல் பந்தைத் தொட ஆரம்பித்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் நாற்பது வருடத்தில் எங்கே போனார்கள், நாம் எங்கே நின்றோம்! 2009இல் நெடுநாள் ஆட்டமே ஆடாததால் இந்தியப் பெண்கள் அணியின் பெயரே ஃபிஃபா தரவரிசையில் இல்லாமல் போயிற்று. பெண்களுக்கு என்று ஒரு தேசிய லீக் தொடங்கவே 2016 கடைசி ஆகிவிட்டது. 2019இல் அந்த லீக்கை நம் மதுரைப் பக்கத்து சேது எஃப்சி ஜெயித்தபோது வீட்டில் பாயசம் வைத்தேன். தமிழ்நாட்டு அணி 2018இல் தேசிய சாம்பியன் ஆனபோதும் அப்படித்தான். திறமை எப்போதும் இருந்தது. அதற்கு ஆட இடமும் எதிராளியும் கொடுக்காமல் காயப்போட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் கலிங்காவை விட்டு வெளியே வந்தேன்.

மீதி ஆட்டங்களை ஊரில் டி.வி.யில் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தவர்கள் தான்சானியாப் பிள்ளைகள். அவர்களுக்கும் இது முதல் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-4. அதற்கு அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸை 2-1 என்று ஜெயித்தார்கள். கனடாவோடு 1-1. காலிறுதிக்குப் போய்விட்டார்கள்! அங்கே அவர்களை நிறுத்தியது கொலம்பியா. கொலம்பியாவில் லிண்டா கைசெடோ என்ற பெண். பதினைந்து வயதில் கருப்பைப் பக்கத்துச் சினைப்பையில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்துத் திரும்பியவள். பந்தோடு அவள் ஓடும்போது எதிராளிதான் தடுமாறினாள். 30ஆம் தேதி நவி மும்பையில் இறுதி ஆட்டம், ஸ்பெயினோடு. 82ஆவது நிமிடத்தில் கொலம்பியாத் தடுப்பாட்டக்காரி ஒருத்தியின் மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. ஸ்பெயின் 1-0. பிரிவுச் சுற்றிலும் இதே ஸ்பெயின் இதே 1-0 கணக்கில்தான் கொலம்பியாவை ஜெயித்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் என் மாணவி போன் செய்தாள். அந்தத் தடுப்பாட்டக்காரிக்காக அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவள்தான் கேட்டாள்: "நம்ம பக்கத்து நாலு ஸ்கூல சேத்து லீக் நடத்துனா என்ன மிஸ்?"

பொங்கல் கழிந்த பிறகு ஆரம்பித்தோம். நான்கு பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானம் ஒரு ஆண்கள் பள்ளியுடையது. அவர்கள் கிரிக்கெட் ஆட வருமுன் முடித்துவிட வேண்டும் என்பது பேச்சு, ஆகவே ஆறரைக்கே விசில். பஸ் செலவுக்கு என் பென்ஷனில் கொஞ்சம், பழைய மாணவிகள் அனுப்புவதில் கொஞ்சம். ஒரு தாய் மட்டும் "ஞாயித்துக்கெழம கூடவா டீச்சர், தண்ணி யாரு புடிக்கிறது?" என்று சண்டைக்கு வந்தார். அவர் மகளைக் குடத்தோடு குழாயடியிலிருந்து நேரே மைதானத்துக்குக் கூட்டிவந்த நாளும் உண்டு. நாக் அவுட் கிடையாது. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும், ஒரு சுற்று முடிந்தால் மறு சுற்று.

முதல் ஞாயிறு ஒரு பள்ளி 0-6 என்று தோற்றது. கோல் கீப்பர் ஏழாம் வகுப்புப் பெண். அண்ணனுடைய கையுறையை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் தண்ணீர்ப் பானைக்கு ஓட, அவள் மட்டும் நேராக என்னிடம் வந்தாள். முட்டியெல்லாம் செம்மண், ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. மருந்து கேட்கிறாள் என்று பையைத் திறந்தேன். அவள் என் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் எங்களுக்கு யாரு கூட மிஸ்?"